தூக்கத்துக்குத் தொண்ணூற்றிரண்டு மார்க்

கண்ணாடிக்காரர் என்றால் அந்தத் தெருவில் ஒருவர்தான். ஜன்னல் கண்ணாடி, அலமாரிக் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி, எதுவானாலும் அளவெடுத்து வெட்டி மாட்டிக் கொடுக்கும் கடை அவருடையது. பன்னிரண்டு வயதில் இன்னொருவர் கடையில் கண்ணாடி துடைக்கச் சேர்ந்தவர், இருபத்தாறு வயதில் சொந்தப் பலகை மாட்டினார். கை தூக்கிவிட ஆள் கிடையாது. தானே ஊன்றித் தானே எழுந்தவர். "இந்தத் தெருவுல எவன் வெளிய எட்டிப் பாத்தாலும் என் வழியாத்தான் பாக்கணும்" என்பார். பெருமைதான், ஆனால் பொய் கிடையாது. உழைத்தவன் தன் உழைப்பைத் தானே சொல்லிக்கொள்ளாவிட்டால் எதிர்க்கடைக்காரனா வந்து சொல்வான்?

அவர் கண்ணாடி வெட்டுவதைப் பார்க்க வேண்டும். மேசைமேல் கம்பளி விரித்து, அதன்மேல் கண்ணாடியைக் கிடத்தி, கட்டரை எண்ணெயில் ஒரு முக்கு முக்கி, ஒரே இழுப்பு. நடுவில் நிறுத்தக் கூடாது, போட்ட கோட்டின்மேல் மறுபடி ஓட்டக் கூடாது. கீச்சென்று ஒரு சத்தம், அடியில் ஒரு தட்டு, அவ்வளவுதான். அவர் சொன்ன இடத்தில் கண்ணாடி இரண்டாகிவிடும். சொன்ன பேச்சைக் கேட்பதில் தன் வீட்டில் கண்ணாடிக்குத்தான் முதலிடம் என்பார்.

பேச்சைக் கேட்காதது ஒன்றுதான். தூக்கம்.

ஒன்பது வருஷமாக வரவில்லை. கடையின் பின்பக்கத்தில் அட்டைப்பெட்டிகளை விரித்துப் படுத்த காலத்தில் மலை விழுந்தாலும் எழுந்திருக்காத மனிதர். சொந்தமாக வீடு கட்டி, தேக்கில் கட்டில் செய்து, அதில் அரை அடி உயரத்துக்கு மெத்தையும் போட்டுப் படுத்தாரோ இல்லையோ, போன தூக்கம் போனதுதான். படித்தவர்கள் இதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அவரைக் கேட்டால், "கண்ணு மூடுது, உள்ள இருக்கற ஆளு மூட மாட்டேங்கறான்" என்பார்.

பார்க்காத வைத்தியமில்லை. படுக்கும் முன் பால் குடித்தார், பால் வேண்டாமென்றதும் நிறுத்தினார். உள்ளங்காலில் எண்ணெய் தேய்த்து, மறுநாள் குளியலறையில் வழுக்கி விழுந்தார். கட்டிலை நான்கு பக்கமும் திருப்பிப் போட்டுப் பார்த்தார். அறைக்கு ஐந்தாவது சுவர் இருந்திருந்தால் அதையும் விட்டிருக்க மாட்டார். மாத்திரை போட்டால் மறுநாள் மத்தியானம் வரை தலைக்குள் பஞ்சு அடைத்தது போல் இருந்தது. எண்ணிக்கொண்டே படுங்கள் என்று யாரோ சொன்னதற்கு, இதுவரை தான் மாட்டிய கண்ணாடிகளை எண்ணினார். எண்ணிக்கை கூடக் கூடப் பெருமையில் இன்னும் நன்றாக முழிப்பு வந்தது.

இதிலும் அவர் யாருக்கும் சளைத்தவரில்லை. இரண்டு நாளாகத் தூக்கமில்லை என்று யாராவது புலம்பினால், "ரெண்டு நாளா? அதெல்லாம் ஒரு கணக்காய்யா?" என்று சிரிப்பார். ஆனால் சிரித்து முடித்ததும் கண்ணைக் கசக்கிக்கொள்வார். அந்தக் கண் சிவந்தே கிடக்கும்.

அவருடைய மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, நேர் எதிர். கடையில் இருபது வருஷமாகக் கண்ணாடியின் மறுமுனையைப் பிடிப்பவர் அவர்தான். பல் பிடுங்கப் போன இடத்தில் நாற்காலியிலேயே குறட்டை விட்டவர். ஏணியின் மூன்றாவது படியில் நின்றபடி தூங்கியதைப் பார்த்த சாட்சிகள் உண்டு. "எப்படிய்யா தூங்கறே?" என்று கண்ணாடிக்காரர் கேட்டால், "அதுல என்ன மாமா இருக்கு? படுப்பேன், அப்புறம் காலையில ஆயிடும்" என்பார். இதைக் கேட்கும்போதெல்லாம் கண்ணாடிக்காரருக்கு வயிறு எரியும்.

அப்படியே ஓடியிருக்கும். ஒருநாள் முற்பகல், வண்டியிலிருந்து ஆறடிக் கண்ணாடி ஒன்றை இருவரும் இறக்கிக்கொண்டிருந்தார்கள். நடந்துகொண்டே இருந்த கண்ணாடிக்காரருக்கு ஒரு நொடி, ஒரே நொடி, கண் சொருகிவிட்டது. பிடி தளர்ந்தது. சரிந்த கண்ணாடியை மச்சினன் வெறும் கையால் தாங்கினார். உள்ளங்கையில் ஏழு தையல்.

"ராத்திரியெல்லாம் வராத தூக்கம், என் கையைப் பாத்ததும் வந்துடுச்சு போல" என்றார் மச்சினன், கட்டுப் போட்டுக்கொண்டே.

அவருடைய அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. கடைக்கு வந்து கட்டரைக் கையோடு எடுத்துப் போய் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

"அது என் சோறு" என்றார் கணவர்.

"அது என் தம்பி கை" என்றாள் அவள். "டாக்டர் பாத்து, வேலை செய்யலாம்னு எழுதிக் குடுக்கட்டும். அன்னைக்குத் தரேன். அதுவரைக்கும் பெரிய கண்ணாடியில கையும் வைக்கக் கூடாது."

கை ஆறியதும் மச்சினன் தனக்கென்று வேறொரு கட்டர் வாங்கி வெட்டத் தொடங்கினார். முழங்கை வரைக்கும் தோல் கிளவுஸ் மாட்டிக்கொண்டு அவர் இழுத்த கோடு, மாடு நடந்த வழி போல வந்தது. பெரியதைத் தூக்க அடுத்த பட்டறையிலிருந்து ஆள் வந்தது. முப்பது வருஷம் ஒரே இழுப்பில் வெட்டிய மனிதர், முதலாளி என்ற பெயரில் மூலையில் உட்கார்ந்து, அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கம் போன ஒன்பது வருஷத்தைவிட அந்த ஒரு மாதம் பெரிதாக இருந்தது அவருக்கு.

வேறு வழியில்லாமல் தூக்கத்துக்கென்றே இருக்கும் டாக்டரிடம் போனார். டாக்டரம்மாவுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "ராத்திரி ஒரு மணிக்கு முன்னாடி கட்டில் பக்கமே போகக் கூடாது. தூங்கினாலும் தூங்காட்டியும் ஆறு மணிக்கு எழுந்துடணும். பகல்ல படுக்கவே கூடாது" என்றாள்.

"டாக்டரம்மா, நான் தூங்க வழி கேட்டு வந்தேன். நீங்க முழிச்சிருக்க வழி சொல்றீங்க. அது எனக்கே தெரியுமே, நாலு பேருக்குக் கத்துக் குடுக்கற அளவுக்குத் தெரியும்."

அவள் சிரித்தாள். "ஒம்பது மணிக்கே படுத்துப் புரண்டு புரண்டு, கட்டில்னா முழிச்சிருக்கற இடம்னு உங்க உடம்பு பழகிடுச்சு. முதல்ல அதை மறக்க வைக்கணும்." ஒரு தாளை நீட்டினாள். படுத்து எத்தனை நிமிஷத்தில் தூக்கம் வந்தது, எத்தனை தடவை முழிப்பு, எவ்வளவு நேரம், எல்லாவற்றுக்கும் கட்டம். "தினம் காலையில எழுதுங்க. கட்டில்ல இருந்த அஞ்சு மணி நேரத்துல எவ்வளவு தூங்கினீங்கன்னு நூத்துக்குக் கணக்குப் போடுவேன். ரெண்டு வாரத்துக்கு எண்பத்தஞ்சு வந்தா, நீங்க கேக்கற மாதிரி எழுதித் தரேன்."

நூற்றுக்கு என்ற சொல் காதில் விழுந்ததுமே அவருக்கு வியர்த்தது. மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவர் என்று சொல்ல முடியாது. ஐந்தாம் வகுப்பு வரை போனார். அங்கே அவர் வாங்கியதிலேயே அதிகம் கணக்கில் பதினெட்டு.

முதல் மூன்று நாள் உள்ளதை உள்ளபடி எழுதினார். தாளைப் பார்க்கச் சகிக்கவில்லை. மறுபடியும் பதினெட்டு வாங்கப்போகிறோம் என்ற பயம் வந்துவிட்டது. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, டாக்டரம்மாவிடம் இன்னொன்று வாங்கி வந்தார். மக்குப் பையன்கள் காலம் காலமாகச் செய்வதைத்தான் அவரும் செய்தார். நன்றாகப் படிக்கிற பையனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"மாப்ள, நேத்து ராத்திரி படுத்ததும் தூங்கிட்டியா?"

"ஆமா மாமா."

"நடுவுல முழிச்சியா?"

"தண்ணி குடிக்க ஒரு தடவை."

"எவ்வளவு நேரம்?"

"செம்பைக் கீழ வைக்கற நேரம்."

மச்சினன் அந்தப் பக்கம் போனதும் தாளை எடுப்பார். அப்படியே எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்று, தூக்கம் வருவதற்குப் பதினைந்து நிமிஷம், முழிப்புக்குப் பத்து நிமிஷம் என்று கொஞ்சம் கழித்துக்கொள்வார். பதினான்கு நாளும் இப்படியே போயிற்று. மச்சினனோ இதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். "கை வலியில எனக்குத் தூக்கம் கெடுதோன்னு மாமா தினம் விசாரிக்கறாரு அக்கா. வெளியிலதான் அப்படி. உள்ள தங்கம்" என்று வீட்டில் சொல்லிவிட்டார்.

டாக்டரம்மா தாளைக் கூட்டிக் கழித்தாள். "தொண்ணூத்திரண்டு!" என்றாள். பிறகு அவர் கண்ணைப் பார்த்தாள். "கண்ணு ஏன் இப்படிச் சிவந்திருக்கு?"

"கண்ணாடித் தூள் பட்டது."

"நீங்க எழுதினதை நம்பித்தான் நான் எழுதறேன்" என்று சொல்லி, மார்க்கையும் போட்டுக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

தொண்ணூற்றிரண்டு! வீட்டுக்குப் போகும் வழியில் மருந்துக்கடையில் காட்டினார், சைக்கிள் கடையில் காட்டினார், பேருந்துக்கு நின்றவரிடமும் காட்டினார். அந்தக் கால் மணி நேரம், அது தன் சொந்த மார்க்கு என்றே நம்பிவிட்டார்.

மனைவி கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். "பக்கத்துல படுத்திருக்கற எனக்குத் தெரியாம எப்போ தூங்கினீங்க?"

"நீ தூங்கும்போது."

"நான் தூங்கினது நிஜம். அதனால நான் சாட்சி சொல்ல முடியாது" என்று பீரோவைத் திறந்து கட்டரைக் கொடுத்தாள்.

மறுநாள் துணிக்கடை ஒன்றுக்கு ஆளுயர முகக்கண்ணாடி. கட்டரைக் கையில் எடுத்ததும் விரல்களுக்கு உயிர் வந்தது. ஒரே இழுப்பு. கீச்சென்றது. ஒரு தட்டு. நூல் பிடித்தாற்போல் பிரிந்தது. "இதுக்குப் பேரு வெட்டு!" என்று சத்தமாகவே சொன்னார்.

"வாங்க மாமா, தூக்கலாம்" என்று மறுமுனைக்குப் போன மச்சினன், தோல் கிளவுஸைக் கழற்றிப் பெஞ்சின்மேல் போட்டார். உள்ளங்கையில் தழும்பு ஒரு சிவப்புக் கோடாகத் தெரிந்தது.

"ஏன் கழட்டறே?"

"இதோட பிடியே கிடைக்கல மாமா. தொண்ணூத்திரண்டு மார்க்கு வாங்கின ஆளு அந்தப் பக்கம் நிக்கும்போது இது எதுக்கு?"

கண்ணாடிக்காரர் குனிந்தார். கண்ணாடியின் விளிம்பில் விரலை வைத்தார். அந்தக் கண்ணாடியிலேயே அவர் முகம் தெரிந்தது, சிவந்த இரண்டு கண்ணோடு. முந்தின இரவு மூன்று மணிக்கு மேல் முக்கால் மணி நேரம் தூங்கியிருப்பார்.

"வேணாம், கீழ வை" என்றார்.

"இன்னும் தூக்கவே இல்லையே."

"மாப்ள, நான் தூங்கல."

"நேத்தா?"

"ஒம்பது வருஷமா."

"அது தெரு முழுக்கத் தெரிஞ்ச கதை. அப்போ அந்தத் தாளு?"

"காப்பியடிச்சேன்."

மச்சினன் விழித்தார். "தூக்கத்துல எப்படி மாமா காப்பியடிக்க முடியும்? யாரைப் பாத்து?"

"உன்னைப் பாத்துத்தான். தினம் கேட்டேன் இல்ல?"

மச்சினன் தன் உள்ளங்கையைப் பார்த்தார். தழும்பைத் தடவிக்கொண்டார். "கை வலிக்காகக் கேக்கறீங்கன்னு நெனச்சேன்" என்றார் மெதுவாக. கண்ணாடிக்காரருக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அதற்குள் மச்சினனின் முகம் மாறியது. "இருங்க. அப்படின்னா அந்தத் தொண்ணூத்திரண்டு என்னோட மார்க்கா?"

"உனக்கு நூறு. எட்டு நான் கொறைச்சேன்."

"பாத்து எழுதினது போதாதுன்னு, எனக்கு வரவேண்டிய எட்டு மார்க்கையும் தின்னுட்டீங்க!"

சிரித்தது மச்சினன்தான். கண்ணாடிக்காரர் கட்டரைத் துடைத்து, தானே கொண்டுபோய் மனைவியிடம் கொடுத்தார். அவள் ஒன்றும் கேட்காமல் பூட்டினாள். கேட்டிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

டாக்டரம்மாவும் திட்டவில்லை. பழைய கடிதத்தை வாங்கிக் கிழித்துவிட்டுப் புதுத் தாள் கொடுத்தாள். "இதுல பூஜ்யம் வந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். ஆனா உங்க பூஜ்யமா இருக்கணும்."

இந்தத் தடவை சொன்னதைச் சொன்னபடி செய்தார். ஒரு மணி வரை நாற்காலியில் உட்கார்ந்து கடைச் சாமான்களைத் துடைத்தார். பகலில் கண் அசராமல் பார்த்துக்கொள்ள மச்சினனைக் காவல் வைத்தார்கள். இரண்டாம் நாளே காவல் குறட்டை விட்டது. காவலை எழுப்புவதிலேயே கண்ணாடிக்காரருக்குத் தூக்கம் கலைந்தது. முதல் தாளில் நாற்பத்தொன்று. அடுத்ததில் ஐம்பத்தாறு. அதற்கடுத்து ஐம்பதுக்கு இறங்கியது. அன்று, "கட்டிலைக் கொண்டுபோய்க் கடல்ல போடு" என்று கத்தினார். ஆனால் தாளில் ஒரு நிமிஷத்தைக்கூட மாற்றி எழுதவில்லை.

மூன்றாம் மாதம் ஒரு காலை. மணி ஆறு. அவர் எழுந்திருக்கவில்லை. வாய் திறந்திருந்தது. மச்சினனின் குறட்டைக்குச் சமமாக ஒன்று வந்துகொண்டிருந்தது. மனைவி கடிகாரத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். மனமே இல்லாமல் தோளைத் தட்டினாள்.

"எழுந்திருங்க, ஆறு."

"ஒம்பது வருஷம் கழிச்சு ஒருத்தன் தூங்கறான், எழுப்புவியா நீ?" என்று வீடே அதிரக் கத்தினார். கத்திய பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அங்கே போய்ச் சிரித்தாளா அழுதாளா என்று அவர் போய்ப் பார்க்கவில்லை.

அந்தத் தாளில் எழுபத்தொன்பது. "ஆறுதானே மாமா குறையுது, போட்டுக்கங்க, நான் தரேன்" என்றார் மச்சினன். "உன் மார்க்கு எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டார். அதற்கடுத்த தாளில் எண்பத்தாறு வந்தது. அதை அவர் யாரிடமும் காட்டவில்லை. கடிதத்தை மனைவியிடம் மட்டும் நீட்டினார். இந்தத் தடவை அவள் படிக்கவில்லை. சாவியைத்தான் தேடினாள்.

கடையில் அன்றும் ஓர் ஆறடிக் கண்ணாடி. ஒரே இழுப்பில் வெட்டிவிட்டு நிமிர்ந்தார். மறுமுனையில் மச்சினன் வலக்கைக் கிளவுஸைக் கழற்றி வைத்தார். இடக்கைக் கிளவுஸ் அப்படியே இருந்தது.

"அது ஏன்?"

"எண்பத்தாறுதானே மாமா?" என்றார் மச்சினன். "மீதிப் பதினாலுக்கு இது ஒண்ணு இருக்கட்டும்."

"சரி, தூக்கு" என்றார் கண்ணாடிக்காரர். இருவரும் தூக்கினார்கள்.