இரண்டாவதாக ஆடுபவருக்கும் நாலு படை

சுகப்பிரியாவுக்குப் பிடிவாதம் அதிகம். வள்ளியூரிலிருந்து வந்து மூன்று வருடமாக ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வேலை, படப்பையில் ஹாஸ்டல். கம்பெனி பஸ்ஸில் மற்றவர்கள் வாய் திறந்து தூங்குவார்கள். இவள் போனில் போர் நடத்துவாள்.

இருவர் ஆடும் ஆன்லைன் விளையாட்டு அது. வரைபடத்திலுள்ள நிலங்கள் இருவருக்கும் சமமாகப் பிரிக்கப்படும். தன் முறை வரும்போது, கையிலிருக்கும் ஒவ்வொரு மூன்று நிலத்துக்கும் ஒரு புதுப் படை; மிச்சம் ஒன்றிரண்டுக்குக் கிடையாது. அதை வைத்து எதிராளியின் நிலத்தைப் பிடிக்க வேண்டும். ஆடுபவர்களே புது வரைபடம் வரைந்து அனுப்பலாம். விளையாட்டை நடத்துபவர்கள் மூன்று முறை தள்ளிவிட்டால் அந்த வரைபடத்துக்கு அதோடு முழுக்கு.

சுகப்பிரியா தன் பஸ் போகும் வட்டாரத்தையே வரைந்தாள். படப்பை, சேரப்பணஞ்சேரி, பிள்ளைப்பாக்கம் என்று இருபத்துநாலு நிலம், ஆளுக்குப் பன்னிரண்டு. அவள் லைனில் ட்ரேக்குப் பன்னிரண்டு பீஸ். நாள் முழுக்கப் பன்னிரண்டாக எண்ணும் கைக்கு வேறு எண் தோன்றுமா? இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. 'முதலில் ஆடுபவரே பெரும்பாலும் ஜெயிக்கிறார்' என்பதுதான் இரண்டு முறையும் காரணம்.

"விட்டுத் தொலைட்டி. இதுக்கா சம்பளம் தாறாவ?" என்றாள் ஷாலின். நாசரேத்துக்காரி, அறைத்தோழி, அதே கம்பெனி.

"ரெண்டாவது ஆடுதவ என்ன பாவம் பண்ணினா? கண்டுபிடிக்காம விடமாட்டேன்."

ஆளுக்கு நாலு படை. சமம்தானே? எங்கே ஓட்டை என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டாள்.

ஒரு மத்தியானம் பேக்கிங்கிலிருந்து முனியம்மாள் கத்தினாள். "சுகா, உன் ட்ரேல ஒண்ணு கீறல் வுழுந்துகீது. பதினொண்ணுதான் கீது, கணக்குல ஏறாது. ஒண்ணு குடும்மா!"

ஒரு பீஸ் குறைந்தாலும் ட்ரே கணக்கில் வராது. அதனால் அந்த லைனில் எல்லோரும் பக்கத்தில் இரண்டு பீஸ் உபரி வைத்திருப்பார்கள். சுகப்பிரியா திரும்பிப் பார்க்காமலே ஒன்றை நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது.

பதினொன்று! முதலில் ஆடுபவர் ஒரே ஒரு நிலத்தைப் பிடித்தால் போதும். இரண்டாவது ஆளிடம் பதினொன்றுதான் மிஞ்சும். அவர் ஆட்டத்தைத் தொடங்கும் முன்பே நாலு படை மூன்றாகிவிடும். அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. ட்ரேக்கு இரண்டு உபரி வைக்கத் தெரிந்தவளுக்கு மனுஷருக்கு வைக்கத் தோன்றவில்லையே!

"இன்னாமா, தூங்கினுகீறியா? லைன் நிக்குது!" என்றாள் முனியம்மாள்.

அன்றே மாத்தூர், வல்லம், எழிச்சூர், பண்ருட்டிகண்டிகை நாலையும் சேர்த்தாள். இருபத்தெட்டு நிலம், ஆளுக்குப் பதினான்கு. இரண்டு பறிபோனாலும் பன்னிரண்டு நிற்கும். ஷாலினைப் பிடித்து உட்காரவைத்து, பஸ்ஸிலேயே இருபது ஆட்டம் ஆடிப் பார்த்தாள். முதலில் ஆடியவருக்குப் பதினொரு வெற்றி, அடுத்தவருக்கு ஒன்பது. மூன்றாவது முறையாக அனுப்பினாள்.

பத்தாம் நாள் டீ நேரத்தில் பதில் வந்தது. சேர்த்துக்கொண்டார்கள்.

அன்று மாலை பஸ்ஸில் முதல் ஆட்டம். முகம் தெரியாத யாரோ முதலில் ஆடி, சேரப்பணஞ்சேரியையும் பிள்ளைப்பாக்கத்தையும் அள்ளிக்கொண்டார்.

"எடுத்த உடனே ரெண்டு போச்சேட்டி!" என்று ஷாலின் பதறினாள்.

சுகப்பிரியா போனை அவள் பக்கம் திருப்பினாள். புதுப் படை: 4.

"போட்டும். நாலும் வந்துட்டுல்லா," என்றாள். நாலையும் படப்பையில் இறக்கினாள்.