சிவப்பு மையால் நான் அடித்த வரி

இந்த நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி எழுத வேண்டியவர் அவருடைய கணவர், எங்கள் மாமா. "நீதான வாத்தியாரு, நீயே எழுது" என்று என் தலையில் கட்டிவிட்டார். நான் இடைநிலைப்பள்ளியில் ஆங்கில ஆசிரியன். அடுத்தவர் எழுத்தில் குற்றம் கண்டுபிடிப்பதே என் பிழைப்பு. அந்தப் பிழைப்பு எங்கள் வீட்டில் என்ன செய்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். மனம் சங்கடப்படுபவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோலசிலாங்கூர் பக்கத்தில் ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் அக்கா பிறந்தார். அப்பா செம்பனைக் குலை வெட்டினார். அம்மா உதிரிப் பழம் பொறுக்கினார். நான் அக்காவுக்கு ஆறு வயது இளையவன். ஒருநாள் குலை விழுந்து அப்பாவின் தோள் முறிந்தது. தோட்டத்து லோரியில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றியபோது கூடவே தாவி ஏறியவர் பதின்மூன்று வயது அக்காதான். திரும்பி வந்ததும், "நான் நர்ஸாதான் போவேன்" என்றார். சொன்னபடி ஆனார்.

புஞ்சாக் ஆலாமில் அக்கா குடியிருந்த வீட்டு வரிசையில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். ஆனால் தன் உடம்பைப் பற்றி மட்டும் வாய் திறக்கமாட்டார். கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். தலைப்பிரசவ வலியைக்கூட, துணி எல்லாம் மடித்து வைத்துவிட்டு, "இனிமே கெளம்பலாங்க" என்றுதான் மாமாவிடம் சொன்னாராம். அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம். சிரித்திருக்கவே கூடாது.

அயர்லாந்தில் நர்ஸ் வேலைக்குப் போக வேண்டும், பிள்ளைகளையும் அங்கே படிக்கவைக்க வேண்டும் என்று நாற்பத்து நான்காவது வயதில் அக்காவுக்கு ஓர் ஆசை வந்தது. அதற்கு ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். கேட்பது, படிப்பது, பேசுவது மூன்றிலும் தேறிவிட்டார். எழுதுவதில் கோட்டைவிட்டார். நர்ஸ்களுக்கான அந்தத் தேர்வில் ஒரு நோயாளியின் குறிப்புகளைக் கொடுப்பார்கள். அதைப் பார்த்து, அந்த நோயாளியை இன்னொரு மருத்துவரிடம் ஒப்படைத்துக் கடிதம் எழுத வேண்டும். வேண்டியதை எழுதினால் மட்டும் போதாது, வேண்டாததை விட்டுவிடவும் தெரிய வேண்டும். அக்கா எல்லாவற்றையும் எழுதிவிடுவார்.

அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் என் வீட்டுக்கு வந்தார். வரும்போது செகிஞ்சான் வரைக்கும் போய் மீன் வாங்கி வருவார். என் மனைவி குழம்பு வைப்பதற்குள் நான் அந்த வாரக் கடிதத்தைச் சிவப்பு மையால் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவேன்.

"டேய், கொஞ்சம் ஈவு எரக்கம் பாத்து திருத்துடா."

"பரீட்சைக்காரனுக்கு ஏதுக்கா எரக்கம்? நோயாளியோட சோகக் கதய யாரு கேட்டா? வெட்டு."

வாங்கிய பயிற்சிப் புத்தகம் தீர்ந்துபோனது. "இனிமே நோயாளிய நானே உண்டாக்கிக்கிறேன்" என்றார். அடுத்த வாரம் வந்த கடிதத்தில் ஒரு பெண். வயது நாற்பத்து நான்கு, தோட்டத்தில் பிறந்தவர், நாளெல்லாம் நின்று வேலை செய்பவர். சில மாதங்களாக வயிறு உப்பல், பசி இல்லை. அந்த நோயாளிக்கு எங்கள் அம்மாவின் பெயரை வைத்திருந்தார்.

"ஏன்க்கா, அம்மாவையே படுக்க வச்சிட்டியா?"

"வேற பேரு வாயில வரல லா" என்று சிரித்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் அதே பெண்தான் வந்தார். ஒரு வாரம் எடை குறைந்திருந்தது. அடுத்த வாரம் இடுப்பில் வலி. அதற்கடுத்த வாரம், மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடுகிறார் என்று இருந்தது. எனக்கோ ஒரே மகிழ்ச்சி. மொழி வாரத்துக்கு வாரம் தெளிந்துகொண்டே வந்தது.

"கதை நல்லா போவுதுக்கா" என்றேன்.

"ஆமாடா" என்றார். "போவுது."

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு என் மனைவி அடுப்படியில் என்னை நிறுத்தினாள். "அண்ணி சோத்தப் பெசஞ்சிட்டு அப்படியே வச்சிடுறாங்க. சட்டை எல்லாம் தொளதொளன்னு ஆயிருச்சு. என்னான்னு கேளுங்க."

"பரீட்சை பயம் லா" என்றேன். படித்தவன் அல்லவா, பதில் கைவசம் இருந்தது.

அடுத்த ஞாயிறு வந்த கடிதத்தின் கடைசியில் இரண்டு வாக்கியங்கள் புதிதாக இருந்தன. முதலாவது, இந்த நோயாளி தன் நோயை வீட்டில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை என்பது. இரண்டாவதை நான் சரியாகப் படிக்கக்கூட இல்லை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே கோடு இழுத்து, ஓரத்தில் 'தேவையற்ற விவரம்' என்று எழுதினேன். அக்கா அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்தார்.

"இது வேணாமாடா?"

"வேணாம்கா. டாக்டருக்கு இது எதுக்கு?"

"சரிடா" என்று தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். அடுத்த வாரக் கடிதத்தில் அந்த வரிகள் இல்லை. ஒரு பிழையும் இல்லை. முழு மதிப்பெண் போட்டு, கீழே ஒரு நட்சத்திரமும் வரைந்தேன்.

தேர்வு எழுதிய பத்தாம் நாள், வேலை செய்த இடத்திலேயே அக்கா மயங்கி விழுந்தார். சினைப்பையில் தொடங்கி வயிறு முழுக்கப் பரவிவிட்டது என்றார்கள். பரிசோதனையில் ஏதாவது தெரிந்தால் அயர்லாந்து வாய்ப்பு போய்விடும், தேர்வு முடியட்டும், அதற்குப் பிறகு மருத்துவரிடம் காட்டிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டிருக்கிறார். எத்தனையோ பேரை அதட்டி மருத்துவரிடம் அனுப்பியவர் அவர்.

தேர்வு முடிவு வந்தபோது அவர் படுக்கையில் இருந்தார். எழுத்துத் தேர்வில் நல்ல தரத்தில் தேர்ச்சி. வாசித்துக் காட்டிவிட்டு, அடக்க முடியாமல், "ஏன்க்கா எங்கிட்ட கூட சொல்லல?" என்று கத்திவிட்டேன்.

அக்கா என்னைப் பார்த்தார். "எழுதிக் குடுத்தேனேடா" என்றார்.

அவரே என் கையைப் பிடித்து, "பரவால்ல லா. நீ திருத்துனதாலதான பாஸாச்சு" என்றார். அது அவர் எனக்குச் சொன்ன ஆறுதல். இன்றுவரை என்னால் அதைத் தாங்க முடியவில்லை. இரண்டு மாதத்தில் போய்விட்டார்.

அந்த இரண்டு மாதமும் மாறி மாறித் துணையிருந்த அக்காவின் தோழியரான நர்ஸ்களுக்கும், கஞ்சி வைத்துக்கொண்டு வந்த பக்கத்து வீட்டாருக்கும், பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி இறக்கியவர்களுக்கும், இறுதிக் காரியத்துக்கு உலு யாமிலிருந்தும் ரவாங்கிலிருந்தும் வேலையை விட்டு ஓடிவந்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது ஒரு தாளை நீட்டினால், முதலில் பேனாவைக் கீழே வையுங்கள். உங்களிடம் கேட்டுக்கொள்வது இது ஒன்றுதான்.

மாமா எடுத்துக் கொடுத்த அக்காவின் கடிதங்கள் அனைத்தும் என்னிடம் இருக்கின்றன. கோடு இழுத்த அந்தத் தாளை இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன். நான் அடித்ததை, அக்காவின் பெயரால், தமிழில் திரும்ப எழுதி வைக்கிறேன்:

'இந்த நோயாளி தன் நோயை வீட்டில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. இவருக்கு ஒரு தம்பி இருக்கிறான். அவன் கேட்டால் சொல்லிவிடுவார்.'