வென்ற வழக்கும் ஒழுகும் குளியலறையும்

வீடு கட்டும் தகராறுகளில் நடுவரிடம் தீர்ப்பு வாங்குவதைவிட, அந்தத் தீர்ப்பை நடக்க வைப்பதுதான் எங்கள் வக்கீல் அலுவலகத்தில் பெரும்பாடு. பில்டருக்காக வாசலைப் பார்த்துக் காத்திருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தீர்ப்பு வந்தது

எங்கள் கட்சிக்காரரான ஜெசிந்தா அக்கா மன்னார்க்காரர், நர்ஸ். நகரின் தெற்கு ஓரத்தில், தகனினியில் கட்டிய புது வீட்டில் குளியலறைத் தரை ஒழுகியது. அதைச் சரிசெய்யாமல், குடியேறத் தேவையான கவுன்சில் சான்றிதழ் கிடைக்காது. அதுவரை குடும்பமே நகருக்குள் த்ரீ கிங்ஸ் பகுதியில் தம்பி வீட்டு அறை ஒன்றில். தம்பி மனைவிக்குப் பிரசவம் நெருங்க, அந்த அறையும் கைவிட்டுப் போகும் நிலை. பில்டரே தரையைப் பெயர்த்துச் சரிசெய்ய வேண்டும் என்று நடுவர் சொன்னதை, அக்காவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன்.

"ஓம் தங்கச்சி, வெண்டிட்டம் எண்டு விளங்குது. எப்ப குளிக்கலாம் எண்டும் அதில போட்டிருக்கோ?"

புக்கெகோஹியில் ஒரு டீ

நடுவர் வைத்த கெடு முடிந்தும் பில்டர் செல்வம் வரவில்லை. புக்கெகோஹி என்ற ஊரில் அவர் வேலை செய்துகொண்டிருந்த இடத்துக்கே காரில் போனேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். கண்டிப்பாகப் பேசவேண்டிய ஆங்கில வாக்கியங்களை மோட்டர்வே நெடுஞ்சாலை முழுக்கச் சொல்லிப் பார்த்திருந்தேன். அவரோ, "தமிழாம்மா?" என்று கேட்டு, பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். அடுத்த வாரம் கண்டிப்பாக வருவதாகச் சொன்னார். அலுவலகம் திரும்பி, மலேசியாவிலிருந்து வந்த சக ஊழியர் நளினியிடம் சொன்னேன்.

"எந்த வருசத்து அடுத்த வாரம்னு கேட்டியா?"

சர்ச் வாசலில்

அடுத்த வாரமும் அவர் வராததால், தீர்ப்பை நிறைவேற்றக் கேட்டு நீதிமன்றத்தில் மனுப் போட்டோம். செல்வத்திடமிருந்து பதில் வந்தது: வீட்டுக்கார அம்மாவே அவசரமில்லை என்று சொல்லிவிட்டாராம். அக்காவைக் கேட்டேன். உண்மைதான், சர்ச்சில் செல்வத்தின் மனைவி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வருத்தப்பட்டாராம்.

"அவவின்ர முகத்துக்கு நேர வேற என்னத்தைச் சொல்லுறது?"

மீன் குழம்பு

மறைக்க மனம் வரவில்லை. அக்கா சொன்னதையும், எந்த நெருக்கடியில் சொன்னார் என்பதையும் அப்படியே எழுதி நீதிமன்றத்துக்கு அனுப்பினேன். ஆறுதலாகச் சொன்ன ஒரு வார்த்தை தீர்ப்பை மாற்றாது என்று நீதிபதி உத்தரவிட்டார். செல்வம் வந்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டார். தண்ணீர் கட்டிப் பார்த்தோம். ஒரு சொட்டும் இறங்கவில்லை. அக்கா அவருக்கும் சேர்த்துச் சோறும் மீன் குழம்பும் பரிமாறினார். செல்வம் இரண்டாம் முறை குழம்பு வாங்கிக்கொண்டே சொன்னார்:

"முதல்லயே என்னை நாலு திட்டு திட்டியிருந்தா, அப்பவே வந்திருப்பேனேக்கா!"

கவுன்சில் சான்றிதழும் வந்து, தம்பி மனைவியின் பிரசவத்துக்கு முன்பே அக்கா புது வீட்டுக்குக் குடிபோய்விட்டார். எங்கள் ஆட்களுக்கு ஒருவரை நீதிமன்றம்வரை இழுக்க வருகிறது, முகத்துக்கு நேரே கடிந்து ஒரு வார்த்தை சொல்லத்தான் வரமாட்டேன் என்கிறது.