பியதிலக கவனமாகப் பூஜை செய்த நாள்

கேகாலைத் தபாற்கந்தோரில் முப்பத்து நான்கு வருடம் முத்திரை குத்திய பியதிலக, ஓய்வு பெற்ற பிறகுதான் புத்தர் பக்கம் திரும்பினார். அதுவரை வீட்டுப் புத்தர் மாடத்தைப் பார்த்துக்கொண்டவர் அவருடைய மனைவி குசுமாவதி. காலையில் பூ, அந்தியில் விளக்கு, நடுப்பகலுக்கு முன் ஒரு சின்னத் தட்டில் சோறும் கறியும். அடுப்பில் பருப்பு கொதிக்க, ஜன்னலில் காகத்தை விரட்டிக்கொண்டே பாளிச் செய்யுளான காதாவைச் சொல்லி, மூன்றே நிமிடத்தில் பூஜையை முடித்துவிடுவார். நாற்பது வருடமாகப் புத்தரும் ஒரு குறை சொன்னதில்லை.

கெடுத்தது ஒரு பௌர்ணமிப் போயா நாள். விகாரையில் தேரர், கவனமில்லாமல் வைக்கிற பூஜை கை வைத்ததே தவிர மனம் வைத்ததல்ல என்று சொன்னார். கேட்டிருந்த முந்நூறு பேரும் சாது சாது என்றுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். பியதிலகவுக்கு மட்டும் அது கொழும்புத் தலைமையகத்திலிருந்து வந்த சுற்றறிக்கையாகப் பட்டது. மறுநாளே பூஜையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். விதியையும் அவரே போட்டார்: காதாவின் நடுவே மனம் ஓர் அங்குலம் நகர்ந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

முதல் நாள் பதினொரு தடவை தொடங்கினார். பன்னிரண்டு அடித்துவிட்டது. பன்னிரண்டுக்குப் பிறகு புத்தருக்குச் சோறு வைக்க முடியாது. அன்றைய பூஜை போனதற்காக மாடத்தின் முன்னாலேயே இரண்டு மணிவரை துக்கம் காத்தார். அவர் எழும்பும்வரை குசுமாவதியும் வாயில் ஒன்றும் வைக்கவில்லை. புத்தருக்கு வைக்காமல் அந்த வீட்டில் யாரும் சாப்பிட்டதில்லை. குசுமாவதிக்கோ சீனி வருத்தம் என்கிற நீரிழிவு. பதினொன்றரைக்குக் குளிசை போட்டால் அரை மணிக்குள் சாப்பிட்டே ஆக வேண்டும் என்று கிளினிக் தாதி விரலை ஆட்டிச் சொல்லியிருந்தாள். இதைப் பியதிலகவுக்கு மூன்று தடவை சொல்லியாகிவிட்டது. மூன்று தடவையும் அவர் கவனமாகத் தலையாட்டினார்.

மனம் போன இடங்களை அவரே வந்து ஒப்புவிப்பார். ஒரு தரம் ஓய்வூதியத்துக்கு, ஒரு தரம் எப்போதோ தொலைந்த பதிவுத் தபாலுக்கு, மிச்சமெல்லாம் பிஞ்சுப் பலாக்காய்க் கறிக்கு. ஆகவே வாசம் வராத கறி வைக்கும்படி உத்தரவு வந்தது.

"உங்களுக்கு வைச்சாத் தட்டைத் தள்ளிவிடுவீங்கள். அதை எப்பிடிப் புத்தருக்கு வைக்கிறது?" என்றார் குசுமாவதி.

"அவருக்கு ருசியில ஆசை இல்லை. எனக்குத்தான் இருக்கு," என்றார் பியதிலக.

இப்படி மூன்று வாரம் புத்தர் அவித்த பூசணிக்காயும் வெறும் பருப்பும் ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்டார் என்பதும் சரியில்லை. மூன்று வாரத்தில் ஒரு பூஜைகூட முடியவில்லை. குசுமாவதி கைநடுங்க, வேர்த்து வழிய, கணவருக்காகக் குசினி வாசலில் காத்திருந்தார். இதைச் சொல்லும் எனக்கே அந்த மனிதர்மேல் வந்த கோபம் கொஞ்சமல்ல.

இருபத்து மூன்றாம் நாள், புத்தர்மேல் பாவம் பார்த்து, சோற்றோடு தயிரும் இனிப்பான கித்துள் பாணியும் வைக்கப் பியதிலக சம்மதித்தார். பதினொன்றே காலுக்கு உட்கார்ந்து கண்ணை மூடினார். தொடங்கினார், தொடங்கினார், ஏழாவது தொடக்கத்தில் காதா தண்ணீர் மாதிரி ஓடியது. நடுவே ஏதோ சத்தம் வந்தது. 'ஓசை, வெறும் ஓசை' என்று மனதில் குறித்துக்கொண்டு அதை விட்டுவிட்டார். பிறகு தோள் ஆடியது. 'தொடுகை, வெறும் தொடுகை' என்று அதையும் விட்டார். மனம் ஒரு நூலளவும் நகரவில்லை. முடித்துக் கண்ணைத் திறந்தபோது மணி பதினொன்று ஐம்பது.

தட்டு காலியாக இருந்தது. ஒரு சோற்றுப் பருக்கை இல்லை. பாணிக் கிண்ணம் நக்கித் துடைத்த மாதிரிப் பளபளத்தது.

பியதிலகவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. புத்தர் நேரில் வந்து உண்டுவிட்டார். தேரருக்கு எப்படிச் சொல்வது, சனம் திரண்டு வந்தால் செருப்பை எங்கே கழற்ற விடுவது, முற்றத்தில் கயிறு கட்டி வரிசை விடவேண்டுமா என்றெல்லாம் நொடியில் யோசித்து முடித்தார். செய்தியை மனைவிக்குச் சொல்லத் திரும்பினார்.

குசுமாவதி இரண்டு முழம் தள்ளி, சுவரில் சாய்ந்து தரையில் கிடந்தார். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. விரல்களில் சோறு. உதட்டில் பாணி.

"கூப்பிட்டிருக்கலாமே."

"கூப்பிட்டனான்."

"ஒருக்காத் தொட்டாவது..."

"தோளைப் பிடிச்சு உலுக்கினன். ரெண்டு தரம். பிறகு கால் மடிஞ்சு போச்சு. கைக்கு எட்டினது அந்தத் தட்டுத்தான்."

அந்த ஓசையும் தொடுகையும் பியதிலகவுக்கு ஞாபகம் வந்தன. அவற்றைக் கைவிட்டதற்காக உள்ளுக்குள் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டதும் ஞாபகம் வந்தது.

"புத்தருக்கு வைச்சதைத் தின்னிட்டன். பெரிய பாவம், என்ன?" என்று குசுமாவதி அழுதார். "இன்னும் பத்து நிமிஷம் கிடக்கு. ஓடிப்போய் வேற தட்டு வையுங்கோ."

பியதிலக குசினிக்கு ஓடி, ஒரு பெரிய தட்டு நிறையச் சோறும் பருப்பும் கொண்டுவந்தார். மாடத்துக்குப் போவார் என்று நினைத்துக் குசுமாவதி காலை மடக்கி வழிவிட்டார். அவர் மாடத்துக்குப் போகவில்லை. மனைவிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தார்.

"ஐயோ, புத்தருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறீங்கள்."

"வாயைத் திறவும்," என்றார் பியதிலக.