பினியனில் ஒட்டிய பொட்டு

என் கொழுந்தனுக்குத் திண்டுக்கல்லில் சீட் கவர் கடை. பதினைந்து வருடமாக வண்டி சீட்டுகளுக்கு உறை மாட்டியதில், சீட்டுக்குக் கீழே இருப்பதெல்லாம் தனக்கு அத்துப்படி என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். வீட்டில் மற்றவர்களும் அதை நம்பினார்கள். நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவள். பெண் பார்க்க வந்த அன்று அதைப் பெருமையாகப் பேசியவர்கள் கல்யாணத்துக்குப் பிறகு வாயே திறக்கவில்லை. மிக்சி ஓடாவிட்டால்கூடக் கொழுந்தனுக்குத்தான் போன் போகும்.

எரியோடு பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் முருங்கை. தோட்டத்துக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே ஆறு. ஆறு என்று பெயர்தானே தவிர, முக்கால்வாசி நாள் வெறும் மணல். காய் ஏற்றிய வண்டி அதில் புதையாமல் வர நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும். அதற்காகவே ஒரு பழைய ஃபோர் வீல் ஜீப் வைத்திருந்தோம். ஓட்டுவது நான்தான். என் வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், மாதம் இரண்டு தடவை வருவார். அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் அவர் ஒரு முடிவோடு வந்தார்.

"இந்தத் தடவ காயை நீயே கரை சேத்துட்டா தோட்டம் உன் கையில இருக்கட்டும். இல்லைன்னா தம்பிக்குக் குத்தகைக்கு விட்டுருவோம். ஒத்தையா கெடந்து அல்லாடாத."

அவர் சொன்ன அடுத்த வாரமே ஜீப்பின் பின் ஆக்சில் கூடு விரிசல் விட்டது.

கொழுந்தன் எங்கோ பழைய சாமான் கடையில் ஒரு ஆக்சிலைப் பிடித்து மினி வேனில் ஏற்றிக்கொண்டு ஒரு காலையில் வீட்டுக்கே வந்துவிட்டான். நேராக மெக்கானிக்கிடம் கொண்டுபோயிருக்கலாம். ஆனால் தெருவுக்குக் காட்ட வேண்டுமே. கறுப்பு பெயின்ட் அடித்து மினுமினுவென்று இருந்தது. "எப்படி மதினி, நம்ம செலக்ஷன்?" என்றான். முன் ஆக்சிலும் இதுவும் ஒரே பல் கணக்குதானா என்று கேட்டேன்.

"பல்லப் பத்தி பல் டாக்டர்ட்டல்ல கேக்கணும்," என்று தானே சிரித்துக்கொண்டு, "வெஞ்சனம் என்ன வச்சிருக்கீக?" என்று உள்ளே சாப்பிடப் போனான்.

முன்னும் பின்னும் பல் கணக்கு ஒன்றாக இல்லாவிட்டால், ஃபோர் வீல் போட்டதும் முன் சக்கரம் ஒரு வேகத்திலும் பின் சக்கரம் ஒரு வேகத்திலும் சுற்றப் பார்க்கும். ஒன்றை ஒன்று இழுத்து, பலமில்லாதது உடையும். முன் ஆக்சிலில் சக்கரம் ஒரு சுற்று சுற்ற, ஷாஃப்ட் வந்து பூட்டுகிற சின்னப் பல்சக்கரமான பினியன் ஐந்து சுற்றுக்கு மேல் சுற்றும். அது எனக்குத் தெரியும். புதிதாக வந்ததை வாசலில் வைத்தே பார்த்தேன். சக்கரம் மாட்டுகிற டிரம்மில் ஒரு பக்கத்தை நகராமல் கல் வைத்து அடைத்து, நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, எண்ணெயைத் துடைத்துவிட்டு பினியன் முகப்பில் ஒட்டினேன். மறுபக்க டிரம்மை இரண்டு சுற்று சுற்றினேன்; ஒரு பக்கம் அடைத்திருந்தால் இரண்டு சுற்றுதான் ஒரு சுற்றுக் கணக்கு. பொட்டு நாலேகால் தடவைதான் வந்தது.

உள்ளே அவன் நான்காவது இட்லியில் இருந்தான். நான் சொல்லவில்லை. அவன் அவமானப்பட வேண்டும், அதுவும் நாலு பேர் முன்னால், என்று எனக்கு ஆசையாக இருந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை.

தாடிக்கொம்பு ரோட்டு மெக்கானிக் பாய்க்கு அறுபது வயது இருக்கும். ஆக்சிலைப் பார்த்ததுமே, "பூட்டுறதுக்கு முன்னாடி பல்ல எண்ணிருவமா?" என்றார். "அதெல்லாம் ஒரே வண்டியோடதுதான் பாய். கழட்டிப் பூட்டுங்க, அம்புட்டுத்தான்," என்றான் கொழுந்தன். பாய் என்னைப் பார்த்தார். நான் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டேன்.

இரண்டாம் நாள் மதியம் வண்டி தயார். சும்மா ஓட்டும்போது பின் சக்கரம் மட்டும்தான் இழுக்கும் என்பதால் வெண்ணெய் மாதிரி ஓடியது. சாவியை அவன் என்னிடம் தரவில்லை. பட்டறை வாசலில் நின்றவர்களை எல்லாம் கூப்பிட்டு, போனை ஒருவனிடம் கொடுத்து வீடியோ எடுக்கச் சொல்லி, "மதினி, இப்பப் பாருங்க ஃபோர் வீல!" என்று தார் ரோட்டிலேயே போட்டான். சக்கரம் வழுக்கிக் கொடுக்க இடமில்லாத தார் ரோட்டில் அதைப் போடவே கூடாது என்பதுகூட அந்த நிபுணனுக்குத் தெரியாது. டயர் கிரீச்சிட்டது. வண்டி குதித்துக் குதித்து நகர்ந்தது. அறிவுள்ளவன் நிறுத்துவான், இவன் ஆக்சிலேட்டரை மிதித்தான். படார் என்று காலடியில் சத்தம் கேட்டது. பக்கத்து சீட்டிலிருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவில்லை. அவன் தைத்துக் கொடுத்த சிவப்பு சீட் கவரில் சாய்ந்துகொண்டு நன்றாகவே சிரித்தேன்.

இறங்கிக் குனிந்து பார்த்தபோதுதான் சிரிப்பு நின்றது. முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியே உடைந்து எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தது. சத்தம் போடும், அவன் முழிப்பான், கழற்றிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அவ்வளவு முட்டாள்தனமாக மிதிப்பான் என்று நான் கணக்குப் போடவில்லை.

பாய் வண்டிக்கு அடியில் படுத்து ஷாஃப்டைக் கழற்றினார். பிறகு விரல் நுனியில் ஒரு மெரூன் பொட்டோடு வெளியே வந்தார்.

"பாத்தீகளா, பொட்டெல்லாம் வச்சுப் பூஜ போட்டுத்தான் பூட்டியிருக்காரு. அப்பயும் இப்படி ஆயிருச்சு. எல்லாம் நேரம்," என்றான் கொழுந்தன். ஐந்து வேளை தொழுகிற மனிதர் பினியனுக்குப் பொட்டு வைத்தாராம்.

பாய் என் நெற்றியைப் பார்த்தார். அன்றும் அதே அட்டையிலிருந்த பொட்டுதான். "எண்ணிப் பாத்தும் சொல்லலியேம்மா," என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லி, பொட்டை என் உள்ளங்கையில் ஒட்டிவிட்டுக் கை கழுவப் போனார்.

அந்தப் பழைய வண்டிக்குப் பெட்டி தேடிக் கிடைக்க மூன்று வாரம் ஆனது. நடுவில் மழை பெய்து, டிராக்டர்கள் எல்லாம் உழவுக்குப் போய்விட்டன. தலைச்சுமையாக ஆற்றைக் கடத்தியது போக மிச்சக் காய் மரத்திலேயே முற்றி நெற்றாகிவிட்டது. வீட்டுக்காரர் வந்து பார்த்தார். தம்பியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நான் அப்பவே சொன்னேன்ல, ஒனக்குத் தோதுப்படாதுன்னு," என்று என்னிடம்தான் சொன்னார். எனக்கு முன்னாலேயே தெரியும் என்று சொல்லாமல் இதற்குப் பதில் சொல்ல வழியில்லை.

தோட்டம் இப்போது கொழுந்தன் குத்தகையில் இருக்கிறது. ஜீப்புக்குப் பல் பொருந்திய ஆக்சிலை நானே தேடி, பாய் முன்னால் எண்ணி வாங்கினேன். காய் பறிக்கிற நாளில் அவன் வந்து சாவி கேட்பான். எடுத்துக் கொடுப்பேன்.

"மணல்ல எறங்குனப்புறம் ஃபோர் வீல் போடுங்க தம்பி. தார்ல வேணாம்."

"வண்டியப் பத்தி எனக்கே சொல்றீகளா மதினி?" என்று சிரித்துக்கொண்டே போவான்.