கிருத்திகைக்கு மறுநாள்

விரல் நுனிகள் காய்த்துப்போன கைகள். இடது கை வெள்ளைத் துணியை இழுத்துப் பிடித்திருக்க, வலது கை நீல நூலால் ஒரே ஒரு தையல் போட்டது. நூலை அறுத்துத் துணியை மடித்து வைத்தது.

"ஒரு நாளைக்கு ஒரு தையலா? இப்படித் தச்சா பேரப்புள்ள கல்யாணத்துக்குத்தான் ரவிக்கை முடியும் மதனி" என்றாள் சண்முகசுந்தரி. மலைக் கிராமமான பண்ணைக்காட்டில் காப்பிக்கொட்டைக் களத்தில் இருவருக்கும் சாக்கு தைக்கும் வேலை.

"ரவிக்கை இல்லடி. டாக்டரம்மா கேட்டது" என்றாள் சிவபாக்கியம்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம் சிவபாக்கியத்துடையது. வந்ததும் பிழைப்பைப் பார்க்க வேண்டியிருந்ததால் பள்ளிக்கூடத்து வாசலை அவள் மிதிக்கவில்லை. கணவர் சேனாதிபதி மிளகு பறிப்பவர். மூன்று வருடம் முன்பு ஏணியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டது. அதன்பின் வலிப்பு.

வலிப்பைவிட அதற்குப் பின் வரும் நாட்கள்தான் அவளை வதைத்தன. வேலைக்குப் போகும் ஜீப்பில் ஏறினால் எல்லோரையும் சிரிக்க வைத்த மனிதர், குழம்புச் சட்டியைத் தூக்கி எறிந்தார். சொந்த மகள் பெயரை யோசித்துச் சொன்னார்.

"அது அவரோட குணம் இல்லம்மா" என்றார் திண்டுக்கல் டாக்டரம்மா. "வலிப்பு அடிக்கடி வந்தா மூளை நைஞ்சுபோகும். என்னைக்கு வருது, என்னைக்குக் கோபம் வருதுன்னு குறிச்சிட்டு வாங்க. நாலு மாசத்துல நிக்கலைன்னா இன்னொரு மாத்திரை சேர்க்கணும். அது ஆளைத் தூங்க வச்சிரும். தோட்ட வேலை முடியாது."

எழுதத் தெரியாதவள் எப்படிக் குறிப்பது? நாளுக்கு ஒரு நீலத் தையல், வரிசைக்கு ஏழு. வலிப்பு வந்தால் சிவப்பு முடிச்சு, கோபம் வந்தால் கறுப்பு. நாள் தப்பிவிடக் கூடாதென்று, மாதாமாதம் அவர் விரதம் இருக்கும் கிருத்திகைக்கு மட்டும் மஞ்சள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை துணியை விரித்தாள். மஞ்சளை அடுத்துச் சிவப்பு. அதை ஒட்டி மூன்று கறுப்பு. கீழே மறுபடியும் மஞ்சள், சிவப்பு, கறுப்பு.

"இந்தாங்க, கிருத்திகையன்னைக்கி மாத்திரை போட்டீகளா?"

சேனாதிபதி சுவரைப் பார்த்தார். "பச்சத் தண்ணி பல்லுல படாம இருக்கேன். மாத்திரைய மட்டும் எப்படி முழுங்குறது? இந்தச் சீக்கு போகணும்னுதான பழனியாண்டவருக்கு நேந்துக்கிட்டேன்."

"அன்னைக்கி பீடி குடிச்சீகளே, அது விரதத்துல சேத்தியா?"

அவர் முறைத்தார். அவள் எழுந்து போகவில்லை.

"புகைக்கு வழி விடுற சாமி, ஒரு மடக்குத் தண்ணிக்கா கோவிச்சுக்கிடும்?"

முறைத்த முகத்தில் மெல்லச் சிரிப்பு கசிந்தது. "வக்கீலுக்குப் படிக்க வேண்டியவ சாக்கு தைக்கிறா" என்றார்.

அடுத்த கிருத்திகைக்கு வெள்ளனே தண்ணீரும் மாத்திரையும் உள்ளே போயின. பிறகுதான் விரதம். மறுநாள் அவள் களத்துக்குப் போகாமல் அவர் பக்கத்திலேயே இருந்தாள். நீலத் தையல்தான் போட்டாள். அதற்கடுத்த மாதமும் நீலம். கறுப்பு இரண்டே இடத்தில். அதில் ஒன்று அவள் குழம்பில் உப்பு மறந்த நாள்.

டாக்டரம்மா வரச் சொன்ன நாளன்று முதல் பஸ் ஏறினார்கள். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, சேனாதிபதி கண்டக்டரை வம்புக்கு இழுத்துக்கொண்டே வந்தார்.

"இந்த நாலு மாசத்துல எத்தனை தடவை வந்துச்சு?" என்றார் டாக்டரம்மா.

சிவபாக்கியம் பையிலிருந்து துணியை எடுத்து, மடிப்பைப் பிரித்து, சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டு, இரண்டு கைகளாலும் நீட்டினாள்.