பிரசங்கியாருக்கு ஒரு கண்மலர்

இன்றைக்குச் சங்கரன்கோவில் சந்தையில் என்னைக் கேட்காமல் மிளகாய் வத்தல் விலை ஏறாது. நாலாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். என் கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறவர்கள் எல்லாம் பட்டம் வாங்கினவர்கள். மந்திரிமார் என் வீட்டில் கை நனைத்திருக்கிறார்கள். ஆனாலும் கைக்கெட்டும் தூரத்தில் நான் முதன்முதலாகப் பார்த்த பெரிய மனிதர் ஒரு கிறிஸ்தவப் பிரசங்கியார். வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போய்ச் சில வருஷம்தான் ஆகியிருந்தது அப்போது.

அவர் பெயரைக் கேட்காத காது அப்போது இந்தச் சீமையில் கிடையாது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்தவராம். கூலி ஆட்களை அடித்து அடித்துப் பிரம்பே தேய்ந்துபோகுமாம். அவரிடம் அடிபட்ட கிழவர் ஒருவர், முதுகில் ரத்தம் காயுமுன்னே, அடித்தவருடைய சுகத்துக்காகவே ஜெபம் பண்ணிக்கொண்டிருந்ததை இவர் காதால் கேட்டிருக்கிறார். பிரம்பை முறித்துப் போட்டுவிட்டுக் கப்பலேறினவர்தான், அப்புறம் காலில் செருப்பில்லாமல் ஊர் ஊராக நடந்து வேதம் சொன்னார். ராயகிரிச் சண்டியர் ஒருவர் அவர் பேச்சைக் கேட்டு வெட்டரிவாளைக் கிணற்றில் போட்டாராம். கைவைத்து ஜெபித்தால் வியாதி தீரும், குருடருக்குக் கண் தெரியும் என்றும் பேச்சு.

அந்தக் கடைசிப் பேச்சுதான் என் அம்மாவைப் பிடித்துக்கொண்டது.

அக்காவுக்குப் பொழுது சாய்ந்தால் கண் தெரியாது. பகலில் நெல்லில் கல் பொறுக்குவாள். விளக்கு வைக்கிற நேரத்தில் சுவரைத் தடவுவாள். கால் பெருவிரலால் படியைத் தேடி, கிடைத்த பிறகுதான் அடி வைப்பாள். சிவகிரியில் மாப்பிள்ளை பேசி வெற்றிலை பாக்கும் மாற்றியாகிவிட்டது. விஷயம் வெளியே தெரிந்தால் கல்யாணம் நின்றுபோகும். “எவனாவது வாயத் தெறந்தா தோலை உரிச்சிருவேன்” என்று அப்பா சொல்லியிருந்தார். வைத்தியரிடம் போனாலும் ஊருக்குத் தெரியுமே என்று அதுவும் இல்லை. சாமியிடம் மட்டும்தான் போகலாம்; எதற்கென்று யாரும் கேட்கமாட்டார்கள்.

கோமதியம்மனுக்கு ஆடித்தபசிலேயே வெள்ளிக் கண்மலர் போட்டாயிற்று. இரண்டு கண் பதித்த சின்னத் தகடு. கண்ணுக்கு நேர்ந்துகொண்டவர்கள் உண்டியலில் போடுவது. பலன் இல்லை. பிரசங்கியார் எங்கள் ஊருக்கு வருகிறார் என்று கேட்டதும் அம்மா இன்னொரு கண்மலர் அடிக்கக் கொடுத்தாள். அதற்கு உருகியது என் வெள்ளி அரைஞாண்கொடி. தெருவில் என் வயசுப் பையன்களில் வெள்ளி கட்டியிருந்தவன் நான் ஒருவன்தான். அது போய்க் கறுப்புக் கயிறு வந்ததில் எனக்கு ஏகப்பட்ட கோபம்.

“வேதக்கார சாமிக்கு இதெல்லாம் கிடையாதும்மா” என்றாள் அக்கா.

“எந்தச் சாமியா இருந்தா என்னட்டி? வெறுங்கையோட போயி நிக்கச் சொல்லுதியா?”

“அம்மன் கோவிச்சுக்கிட்டா?”

“மாட்டா. அவளும் பொம்பளதானே.”

ரயிலடிப் பக்கம் பொட்டலில் ஓலைப்பந்தல் போட்டிருந்தார்கள். பொழுது மயங்குகிற நேரம், பெட்ரோமாக்ஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அக்காவைக் கைபிடித்து நான்தான் நடத்திக்கொண்டு போனேன். எங்கே போனாலும் முன்வரிசையில் நிற்பது என் பிறவிக்குணம். கூட்டத்தைப் பிளந்து அம்மாவையும் அவளையும் மேடையடியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன்.

அவர் பேசினார் பாருங்கள், அப்படி ஒரு குரலை நான் பிறகு கேட்டதில்லை. ஒலிபெருக்கி கிடையாது. பெரிய வேதப்புத்தகத்தைக் கையில் விரித்துவைத்துக்கொண்டு வசனம் வசனமாகப் பொழிந்தார். பந்தலே அழுதது. அம்மா மட்டும் அழவில்லை. அவர் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவள், “ஏலே, அவரு ஏட்டைத் திருப்பவே இல்லியே” என்றாள். எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. நானும் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் வாசிப்பேன்.

பிரசங்கம் முடிந்து, நோயாளிகளுக்கு ஜெபிக்க அவர் கீழே இறங்கினார். பக்கத்தில் அவர் சம்சாரம் தோளோடு தோள் ஒட்டி வந்தார். படியில் அவர் கால் பெருவிரல் மெல்லத் துழாவியது. அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

எங்கள் முறை வந்தது. அக்கா தலையில் வைக்க நீட்டிய கை அவள் தோளில் விழுந்து, பிறகு தலைக்கு ஏறியது. கண்ணை மூடி உருக்கமாக ஜெபித்தார். முடித்ததும் அம்மா முந்தி முடிச்சை அவிழ்த்துக் கண்மலரை எடுத்தாள். அக்காவுக்குச் சுற்றப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ பிரசங்கியாரின் தலையைச் சுற்றி, அவர் உள்ளங்கையிலேயே அதை வைத்துவிட்டாள்.

உள்ளூர் வேதக்கோயில் உபதேசியார் பாய்ந்து வந்தார். “ஏம்மா, இது என்ன ஒங்க கோயிலா? ஐயாவுக்குப் போயி திருஷ்டி கழிக்கே?”

பிரசங்கியார் கையமர்த்தினார். விரலால் தகட்டைத் தடவினார். ஒரு கண், அப்புறம் இன்னொன்று.

“இது யாருக்கும்மா?”

“ஒங்களுக்குத்தான் ஐயா” என்றாள் அம்மா, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில்.

அவர் சம்சாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தனை பேரை அழவைத்த மனிதர் தகட்டை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார். பிறகு குனிந்து, “பிள்ளைக்குச் சாயங்காலம்தான் மங்குதா?” என்று கேட்டார். அம்மா ஆமாம் என்றாள்.

“நாளைக்கே திருநெல்வேலி மிஷன் ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. ஜெபம் நான் பண்ணுதேன், நீ வைத்தியம் பாரு. எனக்கும் இப்படித்தான் தொடங்கிச்சு. நான் காத்துக் கெடந்துட்டேன்.”

கண்மலரை அவர் உபதேசியாரிடம் கொடுக்கவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அடுத்த நோயாளியிடம் போனார்.

அப்பாவிடம் அம்மா அதுவரை எதிர்த்துப் பேசியதில்லை. மறுநாள் பேசினாள். முதல் பஸ்ஸில் அக்காவோடு ஏறினாள். மீன் எண்ணெயும் கீரையும் கொடுத்தே டாக்டரம்மா கண்ணைத் தேற்றிவிட்டார். இன்னும் விட்டிருந்தால் பகலும் இருட்டியிருக்குமாம். தை மாதம் கல்யாணம். சிவகிரிக்காரர்களுக்குக் கடைசிவரை ஒன்றும் தெரியாது. அக்கா பேரை மட்டும் விட்டுவிட்டு, பிரசங்கியார் கைவைத்தால் கண் தெரியும் என்று நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆனால் அன்று கூட்டம் முடிந்து திரும்புகையில் எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. நம் வீட்டு வெள்ளி, நம் அக்காவுக்கு நேர்ந்தது, யாரோ ஒருவருக்குப் போய்விட்டதே.

“அவருக்கு எதுக்கும்மா குடுத்த?”

அம்மா இருட்டில் அக்காவைக் கைபிடித்து நடத்தியபடியே சொன்னாள்: “நாம நாலு சாமிகிட்ட போயி அழலாம்லே. கண்ணு குடுக்கிறவருன்னு பேரெடுத்துட்டு அவரு யாருகிட்ட போயிக் கேப்பாரு?”

கடவுளோடு தினமும் பேசுகிற மனிதர் கேட்பதற்கு இன்னும் யார் வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. அம்மாவுக்குப் புத்தி போதாது என்று நினைத்துக்கொண்டு, கல்லை எத்தியபடி முன்னால் நடந்தேன்.